தோட்டா கட்டும் பெட்டி

"மாமா, தோட்டா கட்ற சாமான் ஒரு பொட்டி வெலைக்கு வருது. வாங்கிப் போட்டா இன்னா?"

தண்டராம்பட்டுப் பக்கத்தில் மல்லாட்டை பயிரிடும் என் மைத்துனர் இப்படிக் கேட்டார். அவரிடம் அப்பா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு உரிமத்தைத் தன் பெயருக்கு முறையாக மாற்றி, தவறாமல் புதுப்பித்து வருகிறவர். பெட்டி, வேலூர்ப் பக்கத்தில் காலமான ஒரு ராணுவக்காரர் வீட்டிலிருந்து வந்திருந்தது. கேட்ட விலையும் அதிகமில்லை. ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியை எங்கள் ஊரில் யாராவது கேட்டிருந்தால், பெரியவர்கள் பெட்டியைத் திறந்து சாமானைத்தான் பார்த்திருப்பார்கள். துரு ஏறியிருக்கிறதா, அளவுக் கிண்ணம் நசுங்கியிருக்கிறதா, கைப்பிடி சுற்றினால் அச்சு ஆடுகிறதா என்று சோதித்துவிட்டு விலை பேசியிருப்பார்கள். இன்று பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. அந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் என்னென்ன மாறின, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம்.

திருவண்ணாமலைக்குத் துப்பாக்கி மருந்தின் வாசனை புதிதல்ல. 1767 செப்டம்பரில் முதல் மைசூர்ப் போரின் இரண்டு சண்டைகள் இந்த மண்ணில்தான் நடந்தன. மாதத் தொடக்கத்தில் செங்கம் கணவாயிலும் மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை, ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து கொண்டுவந்த படையை எதிர்த்து நின்றது. கர்நாடகப் போர்களின் காலத்தில் அண்ணாமலையார் கோயிலின் மதில்களே கோட்டையாகப் பயன்பட்டு, முற்றுகைகளைத் தாங்கின. படைகள் போன பிறகும் துப்பாக்கி ஊரில் தங்கிவிட்டது. குழல்வாய் வழியே மருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கி, ஜவ்வாது மலையின் குடிசைகளிலும் ஏரிக்கரையில் கூடாரம் போட்ட குருவிக்காரர்கள் எனப்படும் நரிக்குறவர்களின் தோளிலும் சாதாரணமாகக் கிடந்த காலம் ஒன்று இருந்தது.

அந்தத் துப்பாக்கியில் கெட்டிப்பது ஒரு கைத்தொழில். சமுத்திரம் ஏரியில் தண்ணீர் நிற்கும் நாட்களில் விடியற்காலையில் கொக்கும் மடையானும் இறங்கும். கரையில் உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர் இடுப்புப் பையிலிருந்து கரிமருந்தை எடுத்து உள்ளங்கையில் கொட்டி, கண்ணாலேயே அளந்து குழலில் விடுவார். அதன்மேல் தேங்காய் நாரோ கந்தல் துணியோ அடைப்பு. கம்பியால் இடித்து இறுக்குவார். பிறகு ரவை, அதன்மேல் இன்னொரு அடைப்பு. கடைசியில் கொட்டாப்புளி விழும் இடத்தில் சிறிய செம்புக் கேப்பைப் பொருத்துவார். பறவைக்கு எவ்வளவு மருந்து, நரிக்கு எவ்வளவு என்பதெல்லாம் எழுதி வைத்த கணக்கில்லை. அடைப்பு இறுகியதைக் கம்பி எழும்பி வரும் சத்தத்தில் தெரிந்துகொள்வார்கள். ஈரக்காற்று அடிக்கும் மார்கழியில் மருந்தை மடியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். ஒரு வெடி தவறினால் அன்றைய அடுப்பு எரியாது. அதனால் அவர்கள் கையில் வீண் என்பதே இருந்ததில்லை. சுட்ட ரவையைக்கூடப் பறவையின் உடம்பிலிருந்து பொறுக்கி எடுத்துத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் குருவிக்காரன் என்ற தலைப்பில் இவர்களைப் பற்றித் தனிக் குறிப்பு உண்டு. வேட்டையைத் தவிர வேறு சொத்தில்லாத மக்கள். காடையும் கௌதாரியும் பிடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து விற்பார்கள். வயலில் நண்டைத் தேடி வரப்பைக் குடையும் நரியை அடித்துக் கொடுக்கச் சொல்லி விவசாயிகளே கூப்பிட்டதும் உண்டு. இந்த வேலைகளுக்கெல்லாம் தேவையான மருந்தும் குண்டும் கடையில் வாங்குகிற சரக்காக இருக்கவில்லை. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதும் மருந்து இடிப்பதும் குடும்பத்துக்குள் கைமாறி வந்த வித்தைகள். திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவர்களும் கரிமருந்துதான் இடித்தார்கள். அன்றைக்கு அது யாருக்கும் ஆச்சரியமான பண்டம் இல்லை.

அதிகாரம் மட்டும் அதை ஆரம்பத்திலிருந்தே சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. 1857க்குப் பிறகு இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதை ஆங்கிலேய அரசு பொறுக்கவில்லை. லிட்டன் பிரபு காலத்தில், 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. மலைக்காரருக்கும் நாடோடிக்கும் உரிமம் என்பதே எட்டாத காகிதம். மனு எழுத எழுத்து வேண்டும். விசாரணைக்கு வர நிலையான முகவரி வேண்டும். இரண்டும் இல்லாதவர் கையிலிருந்த துப்பாக்கி, அவர் ஒன்றும் செய்யாமலேயே, சட்டத்துக்குப் புறம்பான பொருளாகிவிட்டது.

நிலம் வைத்திருந்தவர்களின் கதை வேறு. உரிமம் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் வழியாகத்தான் இந்தப் பெட்டி போன்ற சாமான்கள் ஊருக்குள் வந்தன. பின்பக்கம் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவின. சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஓர் அண்ட் சன்ஸின் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. தோட்டா சீமையிலிருந்து கப்பலில் வரும், விலை கொள்ளை. பன்னிரண்டு போர் துப்பாக்கி என்றால் ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல். அதற்கான ஒவ்வொரு தோட்டாவும் ஒரு வேட்டு வெடித்ததும் வெறும் கூடாகிவிடும். அந்தக் கூட்டைத் தூக்கிப் போட மனம் வருமா? பித்தளைக் கூடு என்றால் பலமுறை தாங்கும். அட்டைக் கூடு ஒன்றிரண்டு முறை தாங்கும். மழை நாளில் ஊதிப்போனால் அதுவும் இல்லை. ஆகவே வெறும் கூட்டில் புதுக் கேப், மருந்து, அடைப்பு, ரவை போட்டுத் திரும்பக் கட்டுவதற்கென்று சாமான்கள் வந்தன. தோட்டத் துரைகள், ஜமீன்தார்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஆகியோர் வீடுகளில் இவை இருந்தன.

பழைய வட ஆர்க்காடு ராணுவத்துக்குப் பேர்போன சீமை. கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கொருவர் ராணுவத்துக்குப் போன ஊர்கள் இங்கே உண்டு. ஓய்வுபெற்று வந்தவர்களில் பலர் உரிமத்தோடு துப்பாக்கி வாங்கிக்கொண்டார்கள். மைத்துனர் சொன்ன பெட்டியும் அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் வந்திருந்தது.

சாமானைப் பார்த்தபோது என் கை தானாக நீண்டது என்பதை மறைக்க மாட்டேன். செய்நேர்த்தி அப்படி. மேசை விளிம்பில் திருகி மாட்டும் ஓர் இரும்புக் கருவி. ஒரு பக்கம் தோட்டாவை வைக்கும் தொட்டில், இன்னொரு பக்கம் சுழலும் கைப்பிடி. சுற்றினால் அட்டைக் கூட்டின் வாயை உள்பக்கமாக உருட்டி மடித்து ரவையை அடைத்துவிடும். பித்தளையில் ஒரு அளவுக் கிண்ணம்; அதன் காம்பை நகர்த்தி மருந்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். காம்பில் பொறித்திருந்த எண்கள் பலர் விரல் பட்டுத் தேய்ந்து மழுங்கியிருந்தன. பழைய கேப்பைத் தட்டி எடுக்க ஓர் ஊசி, அடைப்பை இறுக்க வழவழப்பான மரக்கட்டை, கம்பளி அடைப்புகள் ஒரு டப்பா, துணிப்பையில் ரவை. எல்லாவற்றுக்கும் அடியில் லேபிள் மங்கிப்போன ஒரு தகர டின். அசைத்தால் உள்ளே சலசலத்தது. அந்த டின்னைப் பார்த்ததும் நீண்ட கையை இழுத்துக்கொண்டேன். மைத்துனரையும் தொட வேண்டாம் என்றேன்.

அன்று இப்படி ஒரு பெட்டியை வாங்க நினைத்தவர் பார்த்த பார்வையில் அறிவு நிறைய இருந்தது. இரும்பு நன்றாக இருந்தால் போதாது. மடிக்கும் தலையின் பள்ளம் தேய்ந்திருந்தால் தோட்டாவின் வாய் சரியாக மூடாது; நடக்கும்போதே பைக்குள் ரவை கொட்டிவிடும். தன் துப்பாக்கியின் போர் அளவுக்கு அந்தத் தலை பொருந்துமா என்று பார்ப்பார்கள். பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அத்தனையும் பார்த்துவிட்டு, கேப்பும் மருந்தும் தொடர்ந்து கிடைக்க வழி உண்டா என்று யோசித்துத்தான் பணத்தை எடுப்பார்கள்.

மருந்து மாறியபோது இந்தப் பார்வை போதவில்லை. புகையெழுப்பும் கரிமருந்தின் இடத்தைப் புகையில்லா மருந்து பிடித்தது. இரண்டும் ஒரே கனத்தில் ஒரே வேகத்தில் எரிவதில்லை. கரிமருந்துக்கென்று செய்த கிண்ணத்தால் புகையில்லா மருந்தை அளந்தால் குழலுக்குள் அழுத்தம் பலமடங்கு ஏறிவிடும். பழைய துப்பாக்கிகளில் சிலவற்றின் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல். கரிமருந்தைத்தான் அது தாங்கும். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்ட குழல் என்றால் அதற்கான முத்திரை குழலின் அடியில் அடித்திருக்கும். முத்திரை பார்க்காமல் கெட்டித்து இடது கை விரல்களை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. லேபிள் இல்லாத டின்னில் இருப்பது எந்த மருந்து என்று யாரால் சொல்ல முடியும்? பழகிய வேட்டைக்காரர் யாரும் அடுத்தவன் டின்னிலிருந்து மருந்து எடுக்க மாட்டார். இன்று அமெரிக்காவில் தோட்டா கட்டுகிறவர்களும் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அங்கே தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட உரிமம் வேண்டாம். 1943இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ்., 1958இல் ரிச்சர்ட் லீ வீட்டுப் பட்டறையிலிருந்து விற்க ஆரம்பித்த லீ லோடர் என்று தோட்டா கட்டும் கருவிகளுக்குப் பெரிய சந்தையே இருக்கிறது. தாத்தா வாங்கியது பேரனுக்குப் போகும். அங்கே பழைய கருவி வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால், இரும்பு தேயாது, பயப்படாமல் வாங்கு, ஆனால் அளவுத் தராசை மட்டும் புதிதாக வாங்கு என்று பதில் கிடைக்கும். அந்தப் பதிலை இணையத்தில் பார்த்துவிட்டு நம் ஊர்க்காரர் ஒருவர் பெட்டியை வாங்கி வந்தால் நேராகச் சிறைக்குத்தான் போவார். அந்தக் கவலையில்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

நம் நாட்டில் 1959இன் ஆயுதச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே விஷயத்தை முடித்துவிடுகிறது. வெடிபொருள் எவையெவை என்று அது போடும் பட்டியலில், கெட்டித்த தோட்டாவுக்கு மட்டுமல்ல, தோட்டாவின் பாகங்களுக்கும் அதைச் செய்யும் இயந்திரங்களுக்கும் இடம் உண்டு. மைத்துனர் பார்த்த அந்த இரும்புக் கருவி, அதில் ஒரு மணி மருந்து இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் தோட்டாவுக்குச் சமம். துப்பாக்கி உரிமம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த உரிமம் குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கும், ஒரு சமயத்தில் இத்தனை, ஒரு வருடத்துக்கு இத்தனை என்று எழுதிக் கொடுத்த தோட்டாக்களுக்கும் மட்டும்தான். தயாரிப்பதற்கு ஐந்தாம் பிரிவின்படி வேறு உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமை. உரிமமில்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 வருடம், ஆயுள்வரைகூடப் போகலாம். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 வருடம். துணை இல்லாத சின்னஞ்சிறு பாகம் ஒன்றை, பயன்படுத்தும் எண்ணமே இல்லாமல் வைத்திருப்பவருக்கு 45ஆம் பிரிவு கொஞ்சம் விலக்குத் தருகிறது. தன்னிடம் என்ன இருக்கிறது என்ற அறிவோடு வைத்திருப்பதுதான் உடைமை என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பரணில் கிடந்த ஒரு வெறுங்கூடு அகப்பட்டுவிட்டதே என்று கலங்குகிறவருக்கு இவை கைகொடுக்கலாம். விலை பேசி, ஆட்டோவில் ஏற்றி, முழுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவருக்குக் கைகொடுக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மைத்துனர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "எங்கப்பா கட்டின தோட்டா இன்னும் ரெண்டு பீரோவுல கெடக்குது மாமா. அவரு கள்ளனா?"

அவர் கள்ளனல்ல. அந்தக் காலத்துக்கென்று ஒரு நடைமுறை இருந்தது; தோட்டா கட்டினாரா, வாங்கினாரா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சலுகை எல்லோருக்கும் சமமாக இருக்கவில்லை. பட்டா வைத்திருந்தவர் வீட்டுப் பீரோவைத் திறக்காத அதே கை, நரிக்குறவர் கூடாரத்தை மட்டும் கலைத்துப் பார்த்தது. இன்றைக்கும் செய்தித்தாளில் ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ எஸ்.பி.எம்.எல். எனப்படும் ஒற்றைக் குழல், குழல்வாய் ரக நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது, கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் பறிமுதல் என்று சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி வரும். பிடிபட்டவர் பெரும்பாலும் ஒரு ஏழை மலைக்காரர். உரிமமில்லாத துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறையும் வனத்துறையும் மலைக்கிராமங்களில் அறிவிப்பதுண்டு. அப்போது பஞ்சாயத்துக் கட்டட வாசலிலும் பாதையோரத்திலும் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். முகம் காட்டப் பயந்து இரவில் போட்டுவிட்டுப் போகும் அந்த மனிதர்கள் எனக்குக் குற்றவாளிகளாகத் தெரிவதில்லை.

காட்டுக்கு இது நல்ல காலம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு, உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. அண்ணாமலையின் சரிவில் மரம் நட்டுக் காத்தவர்கள் பலர். இன்று அங்கே புள்ளிமான் நடமாடுகிறது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் அதிகாலையில் நடந்தால் மயில் அகவுவது கேட்கும். ஏரியில் கொக்கு பயமில்லாமல் நிற்கிறது. துப்பாக்கிகள் ஓய்ந்திராவிட்டால் இது நடந்திருக்காது. திரும்பவும் அந்த வேட்டைக்காலம் வர வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

என் ஆதங்கம் வேறு. ஒரு சமூகத்தின் முழுப் பிழைப்பையும் ஒரு சட்டம் நிறுத்தியபோது, அதற்கு ஈடாக அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரம் துணி விரித்துப் பாசிமணி, உருத்திராட்சம், ஊசி, பாசிக்கயிறு விற்கும் பெண்களின் தாத்தாக்கள்தான் ஏரிக்கரையில் மருந்து கெட்டித்தவர்கள். நல்ல வேலைக்காரர்கள். கம்பியை வளைத்து மணி கோக்கும் அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்தால் தெரியும். 2008இல் நரிக்குறவர் நல வாரியம் வந்தது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எத்தனையோ காலமாகக் கேட்டு, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றி, 2023 தொடக்கத்தில்தான் அது சட்டமாயிற்று. வேட்டையை நிறுத்தச் சொன்ன சட்டத்துக்கும் இதற்கும் நடுவே ஐம்பது வருட இடைவெளி. பறவையின் பாதையையும் நரியின் வளையையும் அவர்களைப்போல அறிந்தவர் யார்? அந்த அறிவைக் காட்டைக் காக்கும் வேலைக்கு அழைத்துச் சம்பளம் கொடுத்திருக்கலாம். இப்போதும் கொடுக்கலாம்.

இன்று இந்த மாவட்டத்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால், பலர் ஓய்வுபெற்ற ராணுவத்தார். வங்கி வாசலில் காவல் நிற்கிறார்கள். தோளில் சொந்தத் துப்பாக்கி, இடுப்பில் சில தோட்டாக்கள். உரிமம் இருந்தால்தான் வேலை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் புதுப்பிக்க வேண்டும். ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. நாடு முழுவதற்குமான பதிவேட்டில் அவருக்கென்று ஓர் அடையாள எண் இருக்கிறது. தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கிக் காவலருக்கு மட்டும் விலக்குக் கிடைப்பதுண்டு. தோட்டாவை அவர் உரிமம் பெற்ற கடையில் வாங்குகிறார். பூனாவுக்குப் பக்கத்தில் கட்கியில் 1869இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலையின் சக்திமான் எக்ஸ்பிரஸ் பெயர் இவர்களுக்கெல்லாம் பழக்கம். 2021 அக்டோபரிலிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. நீலகிரியின் அருவங்காட்டில் மருந்து செய்யும் பழைய கார்டைட் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தில்தான். ஒவ்வொரு தோட்டாவும் உரிமப் புத்தகத்தில் எண்ணாக ஏறுகிறது. வருடத்தில் ஒரு வேட்டுகூட வெடிக்காதவருக்குக் கட்டும் பெட்டி எதற்கு? அன்று தோட்டா அரிது, வேட்டு அதிகம். கட்டினால் மிச்சம் பிடித்தது. இன்று அந்த மிச்சமும் இல்லை.

மைத்துனரின் தேவை மட்டும் கற்பனையல்ல. மல்லாட்டை காய் பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றி ஒரே இரவில் அரைக் காணியைக் கிளறிப் போட்டுவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் கொடியெல்லாம் தலைகீழாகக் கிடக்கும். காய் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய்த் துப்பாக்கிக்கு உரிமம் தருவது பற்றி எழுதியே இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கியால் பன்றியைச் சுட்டால் வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. இதற்கு நடுவே சிக்கிய விவசாயிகளில் சிலர் வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், சிலர் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி வைக்கிறார்கள். பன்றி சாகிறதோ இல்லையோ, இரவில் வரப்பில் நடந்துபோன மனிதர் சாகிறார், மாடு வாய் சிதறிச் சாகிறது. கட்டும் பெட்டி வாங்குவதைக் காட்டிலும் கொடிய வழிகள் இவை.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர்வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடக்கூடாது. எனக்கு இது சரியான திசையாகப் படுகிறது. பெட்டியில் பணத்தைப் போடுவதைவிட, கிராம நிர்வாக அலுவலரையும் வனச்சரகரையும் அழைத்து வந்து, நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, மனுவில் எழுதிக் கொடுப்பதுதான் மைத்துனர் செய்ய வேண்டியது என்று சொன்னேன்.

பெட்டியை விற்க வந்த குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வேண்டுமென்றே தப்பு செய்தவர்களல்ல. வீட்டுப் பெரியவர் போன பிறகு பீரோவைத் திறந்தவர்கள், அவ்வளவுதான். உரிமம் வைத்திருந்தவர் இறந்தபின் ஆயுதமும் தோட்டாவும் அந்த வீட்டில் இருப்பது சட்டத்துக்கு ஒவ்வாது. 21ஆம் பிரிவு, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. தாமாகக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டவரையும், சோதனையில் பிடிபட்டவரையும் சட்டம் ஒரே மாதிரி நடத்தாது. அந்தத் தகர டின்னை மட்டும் அவர்களே பேருந்திலோ வண்டியிலோ தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் விலக்கி வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிக் காவலர்களை வரவழைப்பதே சரி. பெரியவரின் பதக்கங்களையும் சீருடையையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி மட்டும் போகட்டும் என்றேன்.

மைத்துனர் வாங்கவில்லை. அப்பா கட்டிய அந்த இரண்டு தோட்டாக்களையும் பீரோவிலிருந்து எடுத்து, அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கும்வரை காத்திராமல், இந்த மாதமே நிலையத்தில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வனச்சரக அலுவலகத்துக்கு எழுதிய மனுவில் நிலத்தின் சர்வே எண்ணும் பன்றி கிளறிய வயலின் படங்களும் இருக்கின்றன. அளக்க வருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அவர் வயல் காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது சங்கிலி போட்டால்தான் தெரியும்.